அடுப்பு மாஸ்டரின் இடுப்பு வலி

"இடுப்பு வலி முதலாளி. மூணு மாசம் அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மாஸ்டர் சொல்லி வாயை மூடவில்லை, "நான் நிக்கறேன்" என்று முன்னால் வந்தான் கேக்குக்கு க்ரீம் பூசுகிறவன்.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பேக்கரியில் அடுப்படிதான் பெரிய பதவி. ஏசி அறையில் பூ வரைகிறவனுக்கு உள்ளுக்குள் இப்படி ஓர் ஆசை இருந்திருக்கிறது.

இடுப்பு வலி சுத்தப் பொய். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மனைவியை நாலு டாக்டர்களிடம் அனுப்பியவர், 'நெருப்புலயே நிக்கற ஆம்பளை, எனக்கென்ன குறை' என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்ததில், அந்த நெருப்புதான் குறை என்று தெரிந்தது.

அடுப்புச் சூட்டில் விந்தணு எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு சூட்டை விட்டு விலகியிருந்தால் தேறலாம் என்றார் டாக்டர். பதினைந்து வருஷமாக ஒரு ரொட்டியைக் கருகவிடாதவர், எதைக் கருகவிட்டிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவனுக்குப் பதிலாகப் போன க்ரீம் அறையில் அவர் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. அவர் போட்ட ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. ஆள் வரும்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொள்வார். எந்தப் பக்கம் வலி என்பதுதான் அடிக்கடி மறந்துபோகும்.

வீட்டில் பொருமித் தீர்த்தார், தன் இடத்துக்கு அவன் குறி வைத்துவிட்டான் என்று.

"உங்களுக்கு அடுப்பு வேணுமா, குழந்தை வேணுமா?" என்றாள் மனைவி.

வீராதி வீரர் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டார்.

மூன்று மாதத்தில் எண்ணிக்கை ஏறியிருந்தது. இன்னும் மூன்று மாதம் இப்படியே இருந்தால் நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அன்றைக்குப் பார்த்து முதலாளி அவனை வாய் நிறைய 'மாஸ்டர்' என்று கூப்பிட்டுத் தொலைத்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. இடுப்பு சரியாகிவிட்டது என்று நேரே அடுப்படிக்கே போய் நின்றார்.

அவன் நகரவில்லை. "இன்னும் மூணு மாசம் நானே பாத்துக்கறேன்."

"என் இடத்து மேல உனக்கு அவ்வளவு ஆசையா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரை மாவு மூட்டைகள் பக்கம் அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க போற ஆஸ்பத்திரிக்குத்தான் நானும் ரெண்டு வருஷமா போயிட்டிருந்தேன். நீங்க முதல் தடவை வந்த அன்னைக்கே பார்த்தேன், நீங்கதான் என்னைக் கவனிக்கல. உங்களுக்கு ஊசி போட்டா ஆறு மாசத்துல தேறும்னு அங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. எனக்குப் பிறவியிலேயே அது இல்ல, எந்த ஊசிக்கும் வராதுன்னு கைவிரிச்சுட்டாங்க. இந்தச் சூடு இனிமே என்னை என்ன பண்ணிடும் மாஸ்டர்?"