தினமும் மூன்று கேள்வி

காலை ஏழு மணிக்கு மனைவி கணவரைக் கூட்டிக்கொண்டு பிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். கதவில் ஒட்டிய சார்ட்டில் மூன்று கட்டங்கள்: செய்யணும், நடக்குது, முடிஞ்சது.

"நேத்து என்ன முடிச்சீங்க?"

"பாத்திரம், துணி."

"இன்னைக்கு?"

"ஒழுகுற குழாய்."

"தடை ஏதாவது?"

"முட்டிவலி. அப்புறம் நீ."

டீமிடம் தினமும் மூன்று கேள்வி கேட்டு வேலை வாங்கும் அஜைல் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழுக்குப் படிக்கிறாளாம். வீட்டு வேலையை வைத்துத்தான் பழகிப் பார்க்க வேண்டுமாம். பரீட்சை முடியும்வரைதானே என்று கணவரும் தலையை ஆட்டிவிட்டார். ஆயிற்று இரண்டு மாதம். அவள் தேறாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து என்ற பயத்தில், பாவம் மனிதர் ஒரு வேலையையும் மிச்சம் வைப்பதில்லை. ஆற அமரப் பேப்பர் படிக்கும் காலைகள் திரும்பி வந்தால் போதும் அவருக்கு.

அன்று குழாயை மாற்றிவிட்டு, அதற்கான சீட்டை 'முடிஞ்சது' கட்டத்துக்கு நகர்த்தினார். ஈரக்கை பட்டுச் சார்ட் கழன்று விழுந்தது. அது மறைத்திருந்த இடத்தில், அவள் பெயர் போட்ட சான்றிதழ். தேதி ஐந்து வாரம் பழசு.

"இதென்ன? போன மாசமே பாஸ் பண்ணிட்டியா?"

அவள் நிதானமாகச் சார்ட்டை எடுத்து, சான்றிதழின் மேல் மறுபடியும் ஒட்டினாள்.

"நான் பாஸுங்க. டீம்தான் இன்னும் தேறல."