மேலே கிடந்தவர்

பனிச்சரிவு ஓய்ந்தபோது மலையில் ஒரு சத்தமும் இல்லை.

குபானிச் உச்சியில் தனியாக நின்றிருந்தான். கீழே இரண்டு பேரைக் காணவில்லை. ஒருத்தி அவன் மனைவி சைகால். இன்னொருவர் பல் டாக்டர் வாதிம். கணவன் மனைவி இருவரையும் வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு, பிஷ்கெக் நகரத்திலிருந்து பனியில் சறுக்கி விளையாட வந்திருந்தார்.

சரிவு தாங்குமா என்று காலையில் பனியில் குழி வெட்டிப் பார்த்தபோதே சைகால் அடிப்பனியை அள்ளிக் காட்டினாள். அது கையில் ஒட்டாமல் உதிர்ந்தது.

"பாருங்க டாக்டர், அடியில பூராவும் சர்க்கரை. உங்களுக்குத்தான் சர்க்கரைன்னாலே ஆகாதே. ஓரமா, ஒவ்வொருத்தரா போயிடுவோம்."

அப்படித்தான் போனார்கள். வாதிம் பாதி வழியில் விழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தார். அவரைத் தூக்கிவிட சைகால் இறங்கினாள். அவள் போய்ச் சேர்ந்ததும் மொத்தச் சரிவும் உடைந்தது.

குபானிச் சறுக்கிக்கொண்டே இறங்கினான். புதைந்தால் கண்டுபிடிக்க மூவரும் மார்பில் ஆளுக்கொரு தேடுகருவி கட்டியிருந்தார்கள். அவனுடையது ஓரிடத்தில் ஓயாமல் கூவியது. மண்டியிட்டு, நீளக் கம்பியைப் பனிக்குள் செருகினான். முக்கால்வாசிக் கம்பியும் உள்ளே போன பிறகுதான் மெத்தென்று எதிலோ முட்டியது.

ஒற்றை ஆள், ஒற்றை மண்வெட்டி. அத்தனை ஆழத்துக்குத் தோண்டி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். பனிக்குள் மூச்சு அவ்வளவு நேரம் தாங்காது.

சற்றுக் கீழே இன்னொரு இடத்தைக் கருவி காட்டியது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

அங்கே முழங்கை ஆழத்திலேயே ஒரு தோள் தட்டுப்பட்டது. வாதிமின் முகம் நீலம் பாரித்திருந்தது. வாயில் அடைத்திருந்த பனியை விரலால் தோண்டி எடுத்தான். டாக்டர் ஒருமுறை விக்கினார். பிறகு இருமினார்.

அதன்பின் இருவருமாக மேலே போய்த் தோண்டினார்கள். வாதிம் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு, வெறுங்கையால் பனியை வாரி வாரித் தள்ளினார். சைகாலின் தலைமயிர் தெரிந்தபோது மலைமுகத்தை விட்டு வெயில் இறங்கியிருந்தது.

குபானிச் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். இமைகளில் உறைந்திருந்த பனியை ஊதி ஊதி எடுத்தான்.

வெகுநேரம் கழித்து வாதிம் கேட்டார். "குபானிச், இந்தக் கம்பி முன்னாடியே இங்க குத்தி நின்னுச்சே. அடியில இருந்தது அவங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும் டாக்டர்? மிஷின் பேரா சொல்லுது? மேலாக் கிடக்குற ஆளத்தான் முதல்ல எடுக்கணும். அவளா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பா."

வாதிம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழட்டும் என்று குபானிச் விட்டுவிட்டான்.

அவன் கை சட்டைப்பைக்குள் ஒரு கம்பளிக் கையுறையை இறுகப் பிடித்திருந்தது. சைகாலுடையது. கம்பியைச் செருகுவதற்கு முன், அந்த இடத்தில், பனியின் மேல் கிடந்தது.