சிவதாணுவுக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கியின் விசையை ராஜதாஸ் ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தான். பாதி தூரம் வந்து, கல்லில் முட்டியதுபோல நின்றது. "சவம், இதுக்க இறுக்கம் இன்னும் போவல்லியே" என்று முனகிக்கொண்டு மறுபடியும் உப்புத்தாளை எடுத்தான்.

சமையலறை வாசலில் நின்ற ஜிஜாவின் கையிலிருந்து பை நழுவி விழுந்தது. பாறசாலையில் அவள் வேலை பார்க்கும் லேபில் மிஷின் பழுதாகி, மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உதியன்குளங்கரையில் பேட்டரிக் கடையில் இருக்க வேண்டிய புருஷனோ, மேசையில் தோர்த்துத் துண்டை விரித்து, ஸ்பிரிங்கும் ஸ்குருவுமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது என்னவாக்கும்?"

அவன் திருடன்போல முழித்தான். "கண்டுட்டியா? ஞாயித்துக்கிழமை வரை உனக்குத் தெரியாண்டாம்னு நெனச்சேன்."

"ஆருக்கு இது?"

"சிவதாணுவுக்காக்கும். வேற ஆருக்கு?"

ஜிஜாவுக்கு அந்தச் சண்டைதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சிவதாணுவின் பிலா மரத்திலிருந்து ஒரு வருக்கைச் சக்கைப் பழம் மதில் தாண்டி விழுந்து, ராஜதாஸின் புது ஸ்கூட்டரை நசுக்கியிருந்தது. 'கொம்பை வெட்டு' என்று இவனும், 'வண்டியை மாத்தி நிறுத்து' என்று அவரும் போட்ட சண்டையில் ஊரே கூடிவிட்டது.

போதாததற்கு, சில நாளாக வாசகசாலைக்கு என்று போகிற புருஷன் சாயங்காலந்தோறும் முழங்கை தோல் உரிந்து வருகிறான். கேட்டால், "விழுந்துட்டேன்" என்பான்.

"வேண்டாம், சொன்னாக் கேளுங்க. ஒரு சக்கைக்காகவா?"

"சக்கைக்கும் இதுக்கும் என்ன? நீ இதக் கொஞ்சம் இழுத்துப் பாரு. விரலு தொட்டா டப்புன்னு பொட்டண்டாமா? நேத்து மூணு தடவை இழுத்தும் பொட்டல்ல. நெஞ்ச நிமிர்த்திட்டு முன்னால நிக்கவனுக்க கஷ்டம் உனக்குத் தெரியுமா?" விசையின் இடுக்கில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டான். "ஞாயித்துக்கிழமை ஊருக்க முன்னால இது சதிச்சா பின்ன நான் வெளிய தலை காட்டண்டாம்."

நேற்றே சுடப் பார்த்திருக்கிறான்! போலீசுக்குச் சொன்னால் புருஷன் ஜெயிலுக்கு. சொல்லாவிட்டால் சிவதாணு சுடுகாட்டுக்கு. ஜிஜா செருப்புகூடப் போடாமல் பின்வாசல் வழியே ஓடினாள்.

சிவதாணு முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டை உலரப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எங்கயாவது ஓடிப் போயிருங்க! அம்பூரியில உங்களுக்குத் தங்கச்சி உண்டில்லா, அங்க போங்க. அவரு துப்பாக்கிய ராவிட்டு இருக்காரு. உங்களுக்காக்கும்னு அவருக்க வாயாலயே சொன்னாரு!"

சிவதாணு ஷீட்டைக் கீழே போட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "செரியாயிட்டா?"

பயத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜிஜா நினைத்தாள். அதற்குள் மதிலின் இடைவாசலைத் தள்ளிக்கொண்டு ராஜதாஸ் வந்துவிட்டான், கையில் துப்பாக்கியோடு.

ஜிஜா இரண்டு கையையும் விரித்து நடுவில் பாய்ந்தாள். "முதல்ல என்னச் சுடுங்க! பிறகு அண்ணனத் தொட்டாப் போதும்!"

"நீ மாறு பெண்ணே" என்று அவளை மெல்ல விலக்கிவிட்டு, ராஜதாஸ் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துச் சிவதாணுவின் கையில் கொடுத்தான்.

"இனி ஒட்டாதா?"

"ஒட்டாது. சும்மா தொட்டாப் போதும், வெண்ணெய் போலப் போவும்."

எதிரியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தன் புருஷன் நாலடி பின்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதை ஜிஜா நம்ப முடியாமல் பார்த்தாள். "அண்ணா, வேண்டாம்..." என்பதற்குள் சிவதாணு குறி பார்த்து விரலை வைத்துவிட்டார்.

டப்!

ராஜதாஸ் நெஞ்சைப் பிடித்தான். ஒரு சுற்றுச் சுற்றி, கொடியைப் பிடித்து இழுத்து, ரப்பர் ஷீட்டுகளோடு மண்ணில் சரிந்தான். ஒரு கால் இரண்டு தடவை வெட்டி ஓய்ந்தது.

ஜிஜா அலறிக்கொண்டு அவன்மேல் விழுந்தாள். நெஞ்சைத் தடவினாள், ரத்தம் இல்லை. முற்றமெல்லாம் பொட்டாசு வாசம்.

ராஜதாஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"ஜிஜா, வாசகசாலை நாடகத்திலயும் இப்படி மரிச்சாப் போதுமா?"