மூன்றாவது மேசைக்குத் தண்ணீர்

ஞாயிறு காலை பதினொன்றேகால்.

கண்ணாடிக் கதவின் முன் நின்றபோது அவளுடைய இடது கை மூடியிருந்தது. அதில் நாயின் வார் இல்லை.

விரல்களை விரித்தாள்.

பின்னால் மகள். பிறந்தநாள் சட்டை. பள்ளிக்கூட ஷூ.

“உள்ள விடுவாங்களாம்மா?”

பஸ்ஸிலும் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். அங்கே எல்லாருக்கும் தன்னைத் தெரியும் என்று அவள் மகளிடம் சொல்லியிருந்தாள். போய் உட்கார்ந்தால் போதும், கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள் என்றும்.

முழுப் பொய் இல்லை.

நாய்களை உள்ளே விடும் காபிக் கடை அது. தினமும் சாயங்காலம், தான் வேலை பார்க்கும் வீட்டு மேடத்தோடு வருகிறாள், அவருடைய நாய் மிலோவைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது மேசை. மேடத்துக்கு நாற்காலி. மிலோவுக்குத் தரையில் சின்ன மெத்தை. அது படுப்பதற்குள் நீலக் கிண்ணத்தில் தண்ணீர் வந்துவிடும். அவள் வாரைப் பிடித்தபடி சுவரோரம் நிற்பாள்.

மகளிடம் சொல்லும்போது மிலோவை மட்டும் விட்டுவிட்டாள்.

இந்த வாரம் மேடம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தார். மிலோ நாய் விடுதியில். அவளுக்கு ஒரு ஞாயிறு கிடைத்தது.

காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

“என்னக்கா, துரை வரலையா இன்னிக்கு?”

மிலோவுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது.

“ஊர்ல இல்லண்ணே.”

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். குளிர் முகத்தில் பட்டது.

“யாரும்மா துரை?”

“மேடம் வீட்டு சாரு.”

மகள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

உள்ளே மிதியடி.

அவள் கால் நின்றது. உடம்பு தானாகக் குனிந்தது. பக்கத்துக் கூடையில் துண்டுகள் இருக்கும். நாலு பாதங்களையும் துடைத்த பிறகுதான் உள்ளே விடவேண்டும். அதுதான் இந்தக் கடையின் முறை. துண்டு கைக்கு வந்துவிட்டது. கண்ணெதிரே மகளின் ஷூ.

“என்னம்மா பண்ற?”

“லேஸ் அவுந்திருக்கு.”

அவிழவில்லை. துண்டைக் கூடைக்குள் திணித்துவிட்டு, அவிழ்த்துக் கட்டினாள்.

மூன்றாவது மேசை காலியாக இருந்தது. மகள் போய் உட்கார்ந்தாள்.

அவள் சுவரோரம் நின்றாள்.

“உக்காரும்மா. கூட்டிட்டு வந்துட்டு நின்னுட்டே இருக்க.”

உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில்.

எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. இத்தனை நாளும் அதற்குக் கீழேதான் நின்றிருக்கிறாள். இன்றுதான் பார்க்கிறாள். ஒரு கடல்.

கையை மடியில் வைத்தாள். மேசையில் வைத்தாள். மறுபடி மடிக்கே எடுத்துக்கொண்டாள். காலடியில் எதுவும் மூச்சு விடாமல் இருப்பது தொந்தரவாக இருந்தது.

பக்கத்து மேசைப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்த முகம். சிரித்தபடியே குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. போனை எடுத்துக்கொண்டாள்.

“அந்தக்கா எதையோ கீழ போட்டுட்டாங்க போல,” என்றாள் மகள்.

அவள் மெனு அட்டையை மகள் பக்கம் தள்ளினாள்.

மகள் அட்டையை எடுத்து விரல் வைத்துப் படித்தாள். சாக்லேட் கேக்கில் நின்றாள். இரண்டு பேருக்கும் ஒன்றே போதும் என்றாள். அட்டையை மூடிவிட்டுக் கவுண்டரைப் பார்த்தாள்.

“தண்ணி இன்னும் வரல.”

“வரும்.”

“கேக்காமலே வரும்னியே.”

“கூட்டமா இருக்குல்ல. வரும்.”

மற்ற மேசைகளில் தம்ளர்கள் இருந்தன.

கையைத் தூக்கினால் யாராவது வருவார்கள். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்டுவிட்டால் சொன்னது பொய்யாகிவிடும்.

மடியில் கை மறுபடி மூடிக்கொண்டது.

கவுண்டரில் கேக் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி உயரமானது. அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மேசைகளில் தலைகள் மட்டும்தான் தெரியும். அங்கே பாலை நுரையாக்கிக்கொண்டிருந்த பெண் ஏறிட்டுப் பார்த்தாள். மூன்றாவது மேசை. தெரிந்த தலை. புன்னகைத்து, இதோ என்பதுபோலக் கை காட்டினாள்.

“பாத்தியா,” என்றாள் அவள்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட்டையை ஓரமாக நகர்த்தி மேசையில் இடம் செய்தாள்.

அந்தப் பெண் வேகமாக வந்தாள். ஒரு கையில் வேறு மேசைக்கான தட்டு, இரண்டு காபி. சிந்திவிடக் கூடாதே என்று பார்வை முழுக்கத் தட்டின் மேல். மூன்றாவது மேசைக்கு வந்ததும் குனிந்தாள். மகளின் காலருகே, மெத்தை போடும் இடத்தில், வைத்துவிட்டு நகர்ந்தாள்.

நீலக் கிண்ணம்.

விளிம்புவரை தண்ணீர். கொஞ்சம் தளும்பி ஷூவில் பட்டது.

மகள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீ சொன்ன தண்ணி இதாம்மா?”