பல்லி பார்த்த பொங்கல் படம்

டிவிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த பல்லிக்குப் பொங்கல் சிறப்புப் படம் என்றாலே இளக்காரம். கீழே சோபாவில் வேதவல்லி டீச்சர் தனியாக உட்கார்ந்து, மடியில் முறுக்குத் தட்டோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வருஷா வருஷம் இதே கதைதான். கடைசியில அவன் ரயிலை விட்டு இறங்கி ஓடி வருவான். இதுக்குப் போய் அழுவாங்களா?” என்றது பல்லி.

“அவங்களுக்கும் தெரியும். இந்தப் படத்துக்காக நேத்தே எனக்குப் புது பேட்டரி போட்டாங்க” என்றது ரிமோட்.

திரையில் கதாநாயகி, “அவர் வந்துடுவார்” என்றாள். பல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ‘ச்சு, ச்சு, ச்சு!’

டீச்சர் முகம் மலர்ந்து, விரலால் சோபாக் கையைத் தட்டினார்.

“பல்லியே சொல்லிடுச்சு! கட்டாயம் வருவான்.”

பல்லிக்குத் திக்கென்றது. தலைகீழாகத் தொங்கித் திரையை எட்டிப் பார்த்தது. ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது.

“இறங்கித் தொலையேன்டா!” என்று கத்தியது பல்லி.