பச்சை விளக்கில் வலித்த பல்

ஆறு மாதமாகப் பூங்கோதையின் கடைசிப் பல் எலும்புக்குள் படுத்துக்கொண்டு அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஞானப்பல்லாம், ஞானம்! நோய் கண்டால் சிவப்பு காட்டவென்று ஈறுக்குள் பதித்த உணர்கருவி மணியோ, திசுவில் எந்த மாற்றமும் இல்லை என்று சமையலறைச் சுவரில் பச்சை விளக்கையே எரியவிட்டுக்கொண்டிருந்தது.

“வலி உயிர் போகுதுங்க” என்றால், கணவன் நெடுமாறன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான், சுவரைப் பார்ப்பான்.

“பச்சைதான எரியுது? சும்மா அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத.”

அலுவலகத்தில் விடுப்பு கேட்டாள். விளக்கைக் காட்டச் சொன்னார்கள். பல் மருத்துவர் அவளை வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. “பச்சைல கைவெச்சா என் லைசென்ஸ் போயிடும்மா.”

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தோசை வார்த்தாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் வலி தானாக நின்றுபோனது. இன்று காலை அந்தப் பக்கமே வைத்து முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தபோது சுவர் சிவந்தது. பல்லைச் சுற்றி நீர்க்கட்டி.

நெடுமாறன் ஓடிவந்து முறுக்கைப் பிடுங்கினான். “ஐயோ, எப்படி வலிக்குதோ! நீ போய்ப் படு, நான் கஞ்சி வெக்கிறேன்.”

அலுவலகம் கேட்காமலே விடுப்பு கொடுத்தது. மருத்துவர் தாமே கூப்பிட்டார்.

“இப்ப வலிக்கலைங்க. வலிச்சப்பதான் யாரும் நம்பல” என்றாள் நெடுமாறனிடம்.

“செவப்பு எரியுது கோதை. உனக்குத் தெரியாது.” கண்கலங்க அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தான்.

பூங்கோதைக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு மாதத்தில் முதன்முறையாக, கொஞ்சமும் வலிக்காமல், பல்லை நறநறவென்று கடித்தாள்.