நடுச்சுவர்

அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அடுக்களைச் சுவரில் பேராசிரியர் காதை வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. பின்னால் நான்கு மாணவிகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவளுடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் அடக்கிக்கொண்டார்.

"சுவர் மூச்சு விடுது" என்றார் பேராசிரியர்.

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

கருங்கல் வீடு. தோட்டத்தில் கிணறு வெட்டியபோது வெளியே வந்த கல்லையெல்லாம் வைத்து நாச்சிமுத்துவின் பாட்டனார் கட்டியது. நேற்று வரை அதற்குத் தொண்ணூறு வயது. இன்று காலை பேராசிரியர் காரிலிருந்து இறங்கி, வாசற்படியைத் தடவிப் பார்த்து, இருநூறு என்றார். நாச்சிமுத்து மறுக்கவில்லை. பாட்டனாருக்கும் ஒரு பாட்டனார் இருந்திருக்கத்தானே வேண்டும்.

அடுக்களைச் சுவரில், மார்பு உயரத்தில், சன்னல் அகலத்துக்கு ஒரு குழிவு. அதை அடைத்திருந்த கற்கள் கோணல்மாணலாகத் துருத்திக்கொண்டிருந்தன. இடையிடையே விரல் நுழையும் சந்து. பேராசிரியர் அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டார். இந்த ஒழுங்கின்மை திட்டமிட்டது என்றார். மேற்கு வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கான ஏற்பாடு என்றார்.

சுவருக்கு மேற்கே வெயில் இல்லை. பக்கத்து வீட்டுப் பூவாத்தாளின் அடுக்களை இருந்தது.

"நம்ம முன்னோர்கள் எதையும் சும்மா செய்ய மாட்டாங்க சார்" என்றார் பேராசிரியர்.

"ஆமாங்க" என்றார் நாச்சிமுத்து. "சும்மா செய்ய மாட்டாங்க."

அவள் அவரைப் பார்த்தாள்.

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை யாருடையது என்று தம்பியோடு சண்டை போட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி எறிந்து, அந்தச் சன்னலை அடைத்த முன்னோர் அவர்தான். கொத்தனாரைக்கூடக் கூப்பிடவில்லை. கையில் அகப்பட்ட கல், காலில் மிதித்த மண். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த வருடமே வீடு பாகமானது. கிழக்குப் பாதி அண்ணனுக்கு. மேற்குப் பாதி தம்பிக்கு. நடுச்சுவர் பொது என்று பத்திரத்தில் எழுதினார்கள். சன்னலைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதன் வழியாகத்தான் அதுவரை இரண்டு அடுப்புகளும் குழம்பு மாற்றிக்கொண்டிருந்தன.

ஆண்கள் பேசவில்லை. அதனால் பெண்களும் பேசவில்லை.

ஓட்டுக்கூரை மட்டும் ஒன்றாகவே இருந்தது. தம்பி பெண்டாட்டி பூவாத்தாள் என்ன தாளிக்கிறாள் என்பது சுவருக்கு மேலாக வந்துவிடும்.

சித்திரையில் தம்பி இறந்துபோனார். துக்கத்துக்குப் போனபோது இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்போதும் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு தாளிக்கிற வாசம் வரவில்லை.

காலையில் ஒரு தடவை கஞ்சி கொதிக்கும். அவ்வளவுதான்.

இருபது நாளாக அவள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சன்னலைத் திறந்துவிட்டால் சூடாக ஒரு கிண்ணம் நீட்டலாம். சுற்றிப் போய்க் கொடுத்தால் பூவாத்தாள் வாங்க மாட்டாள். வாசல் வழியாக வந்தால் அது தருமம். சன்னல் வழியாக வந்தால் குழம்பு.

போன வாரம் நாச்சிமுத்து ஒருவழியாகத் தலையசைத்தார். திங்கட்கிழமை கொத்தனார் வருவதாக இருந்தது.

இப்போது பேராசிரியர் சுவரை விட்டுக் காதை எடுத்தார். இதில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்றார். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதப்போகிறாராம். வாசலில் பித்தளைப் பலகை வைப்பார்களாம். அதில் குடும்பத்தின் பெயர் இருக்குமாம்.

நாச்சிமுத்து அங்கேயே கைபேசியை எடுத்தார். கொத்தனாரை வர வேண்டாம் என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருக்கும் கூச்சம் இருந்தது. பித்தளை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அவள் உலைமூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள்.

வரைபடத்துக்கு ஓர் அளவு பாக்கியிருந்தது. அந்தப் பக்கம் சுண்ணாம்பு பூசியிருந்ததால் குழிவு எங்கே வருகிறது என்று தெரியவில்லை. இரண்டு மாணவிகள் சுற்றிக்கொண்டு பூவாத்தாள் வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பக்கமிருந்து யாராவது தட்டினால், சத்தம் வரும் இடத்தில் குறி போட்டுக்கொள்வார்கள்.

பேராசிரியர் சுற்றும்முற்றும் பார்த்தார். காலையிலிருந்து அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீங்க கொஞ்சம் தட்டுங்கம்மா."

அவள் அம்மிக்குழவியை எடுத்தாள்.

தட்டினாள்.

மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் குரல் மெலிதாகக் கேட்டது. குறித்தாகிவிட்டது, போதும் என்றாள்.

அவள் தட்டினாள்.

போதும் என்றார் பேராசிரியரும்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். இருநூறு வருடச் சுவர், அம்மிக்குழவிக்கு ஏன் இப்படி உதிர்கிறது என்று அவர் மட்டும்தான் சொல்ல முடியும். வாயை மூடிக்கொண்டார்.

அவள் தட்டினாள்.

நிறுத்தி, மூச்சு வாங்கினாள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அளவு எடுக்கிற பிள்ளைகள் தட்டுகிற சத்தம் இல்லை. கல்லைக் கல்லால் இடிக்கிற சத்தம்.

நடுவில் ஒரு கல் புரண்டது. சந்தில் கோடுபோல வெளிச்சம்.

பூவாத்தாள் பேசினாள்.

"அக்கா, கொஞ்சம் நவுந்துக்குங்க. கல்லு உங்க பக்கந்தான் உழுகும்."